சும்மா இருந்தவளின் கை

தெருமுனை மின்கம்பத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள்.

கல்யாணமும் காதுகுத்தும் மட்டுமே ஏறிப் பழகிய அந்தக் கம்பத்தில் இன்று வெள்ளைக் கோட்டுடன் ஹேமலதா சிரித்துக்கொண்டிருந்தாள். 'மூளை ஆராய்ச்சிக்குத் தேர்வாகி ஆரணிக்குப் பெருமை சேர்த்த எங்கள் வீட்டு மருமகள்' என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே ஒரு பட்டு மயில். மயிலின் வாலுக்கும் கீழே, 'அன்புக் கணவர் டாக்டர் சந்தோஷ்' என்ற பெயரோடு ஒரு படம். பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படம் அது.

பால் வாங்கப் போன அன்புக் கணவர் அதன் அடியில் பால் பாக்கெட்டோடு நின்றார்.

சென்ற வாரம் மருத்துவமனையில் அந்தத் தேர்வின் முடிவு வந்தபோது இவன் என்ன செய்தான் தெரியுமா? பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு வாட்ஸ்அப்பில் 'வாழ்த்துகள்' என்று அனுப்பினான். எழுந்து போய் நேரில் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

சந்தோஷும் ஹேமலதாவும் சென்னையில் ஒரே மருத்துவமனையில், ஒரே வருடத்தில், நியூரோசர்ஜரி படிக்கிறார்கள். படிக்கப்போன இடத்தில் பழகி, இரண்டு வீட்டாரையும் சம்மதிக்க வைத்துக் கல்யாணமும் செய்துகொண்டார்கள். அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுக்கு ஒரு மாணவரை ஆபரேஷன் தியேட்டரிலிருந்தும் நைட் டியூட்டியிலிருந்தும் விடுவித்து, ஆறு மாதம் ஆராய்ச்சிப் பயிற்சியில் உட்கார வைப்பார்கள். எதைக் கேள்வியாகக் கேட்பது, யாரிடம் கேட்பது, கிடைத்த பதிலை எப்படிச் சந்தேகப்படுவது என்று கற்றுக்கொடுப்பார்கள். அந்த ஒரே இடத்துக்கு இருவரும் விண்ணப்பித்தார்கள். ஹேமலதா முதலிடம். சந்தோஷ் காத்திருப்பில்.

நாளை திங்கட்கிழமை அவளுக்குக் கடைசி நேர்காணல். அதில் அவள் தடுமாறினால், இடம் தானாக இவனுக்கு வந்துவிடும்.

கத்தி பிடிப்பதில் அவன்தான் கெட்டி. அதை ஹேமலதாவே எல்லோரிடமும் சொல்வாள். அப்படிச் சொல்லும்போது அவனுக்கு இன்னும் எரியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா லோகநாதன் பிடித்துக்கொண்டார். பின்கட்டில் இரண்டு தறி, கடைவீதியில் ஒரு பட்டுக் கடை, தொண்டையில் ஊருக்கே கேட்கிற குரல். இவைதான் அவருடைய சொத்து.

"பாத்தியாடா ஃப்ளெக்ஸ? எப்பிடி கீது?"

"இன்னும் இன்டர்வியூவே முடியல நைனா."

"முடிஞ்சா இன்னா, முடியாங்காட்டி இன்னா. முதல்ல வந்துட்டா இல்ல?"

"என் போட்டோ வேற எதுவும் கிடைக்கலையா?"

"மத்ததுல எல்லாம் மூஞ்ச தூக்கிகினு இருக்கடா. இது ஒண்ணுலதான் கொஞ்சம் சாதாரணமா இருந்துச்சு."

அம்மா அபிதகுசாம்பாள் காபி டம்ளரோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். சந்தோஷ் கையை நீட்டினான்.

"இரு, அதுக்குக் குடுத்துட்டு வந்து உனக்குப் போடறேன். பாவம், விடியகாலையிலேர்ந்து கம்ப்யூட்டர்ல படிச்சிகினு கீது."

பெற்ற தாயின் கையால் வரும் காபிக்குக்கூட அவன் காத்திருப்பில்தான் இருந்தான். சிரிக்க வேண்டிய விஷயம்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அபிதகுசாம்பாள் இறங்கி வந்தாள், மகனுக்கும் காபி கொடுத்தாள், பிறகு கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவில் உள்ள நடையில் ராட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மருமகள் வந்திருக்கும் நாட்களில் அவள் ராட்டையைத் தொடுவதில்லை. டாக்டர் மருமகள் எதிரில் நூலும் தூசியுமாக உட்கார வேண்டாம் என்று, துணி போட்டு மூடி ஓரமாகத் தள்ளிவிடுவாள். இன்று முடியவில்லை. ஒரு முகூர்த்தப் புடவை தறியில் ஏறி நிற்கிறது. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போட, தார்க்குச்சியில் ஊடைநூல் சுற்றி வைத்தாக வேண்டும்.

வலது கை சக்கரத்தைச் சுற்ற, இடது கை விரல்கள் இழையைப் பிடித்து விட்டன. கொஞ்ச நேரம் போனது. சக்கரத்தை நிறுத்தினாள். வலது கையைத் தொங்கவிட்டு, ஈரம் உதறுவதுபோல் நாலு உதறு உதறினாள். மறுபடியும் சுற்றினாள்.

காபி குடித்துக்கொண்டிருந்த சந்தோஷ் அதைப் பார்த்தான்.

"இன்னாமா, கைய உதறிகினே கீற?"

"மரத்துப் பூடுது. உதறுனா சரியாவுது."

"எந்த வெரல்?"

"கட்டவெரலு, அதுக்குப் பக்கத்துல ரெண்டு. படுத்தா எரிச்சல் தாங்கல. எழுந்து உக்காந்துகினு இருப்பேன்."

"ஏன் சொல்லல?"

"இதப் போயி இன்னாத்தடா சொல்றது? தறியில உக்கார்றவங்களுக்கு வந்தாலும் ஒரு நியாயம். எனக்கு ஏன் வருதுன்னுதான் பேஜாரா கீது. நான் வூட்ல சும்மாதானே இருக்கேன்."

சொல்லிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினாள். சந்தோஷ் டம்ளரைக் கீழே வைத்தான்.

ஹேமலதாவின் ஆராய்ச்சி இதுதான். நியூரோசர்ஜரி என்றால் மூளையும் தண்டுவடமும் மட்டுமல்ல, மணிக்கட்டில் நசுங்கும் நரம்பும் அவர்கள் கணக்கில் வருவதுதான். நெசவாளிகளுக்கு அந்த நரம்பு மற்றவர்களைவிட அதிகமாக நசுங்குகிறதா என்பது அவள் கேள்வி. அதற்கு இரண்டு குழு வேண்டும். நெய்கிறவர்கள் ஒரு பக்கம். நெசவைத் தொடாதவர்கள் இன்னொரு பக்கம், ஒப்பிட்டுப் பார்க்க. இந்த இரண்டாவது குழுவுக்குப் பெயர் கண்ட்ரோல்.

அபிதகுசாம்பாள் அந்த இரண்டாவது குழுவில் இருந்தாள். காகிதத்தில் நெசவைத் தொடாத, ஆரோக்கியமான பெண்மணி. இங்கே மணிக்கட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் நெடுஞ்செழியன் வாராவாரம் நடத்தும் ஆராய்ச்சி வகுப்பில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். எத்தனை பெரிய ஆய்வைக் கொண்டுபோய் வைத்தாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, 'கண்ட்ரோல் யாரு?' என்பார். அங்கே சொதப்பியவர்கள் அதற்குமேல் வாய் திறந்ததில்லை.

நாளை அவர் அதைக் கேட்பார். கேட்டால் ஹேமலதா மாட்டிக்கொள்வாள்.

சந்தோஷுக்குள் முதலில் எழுந்தது மகிழ்ச்சி. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. பல நாளாக நெஞ்சில் இருந்த கல் நகர்ந்ததுபோல் இருந்தது அவனுக்கு. அம்மாவுக்குக் கை எரிகிறது, அவள் படுக்க முடியாமல் எழுந்து உட்காருகிறாள் என்பது அவன் மண்டையில் இரண்டாவதாகத்தான் ஏறியது.

"மாத்திரை எழுதித் தரேன்மா" என்றான்.

"ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் அவள்.

வாழை இலை வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான். இலைக் கடை ஒரு பக்கம், அவன் நடந்தது வேறு பக்கம். திறந்த கதவுகளுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே போனான். தறிச் சத்தத்துக்கு நடுவில் ராட்டைகளின் சன்னமான கிறீச்சொலி வீட்டுக்கு வீடு கேட்டது. பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். இன்றுதான் அது காதில் விழுந்தது.

சின்னக்கண்ணு அக்காவின் வாசலில் நின்றான். அவளும் கண்ட்ரோல் குழுவில் ஒருத்தி.

"இன்னாக்கா பண்றீங்க?"

"வாப்பா. சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்றாள், தார் சுற்றிக்கொண்டே.

அது போதுமாக இருந்தது அவனுக்கு. வந்தவாசியில் வாத்தியார் வீட்டில் பிறந்த ஹேமலதாவுக்குத் தறியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தபோது அவனுக்கு உள்ளுக்குள் இனித்தது. சொல்ல வேண்டாம். நாளைக்குப் பேராசிரியரே கேட்கட்டும். நாம் எதுவும் செய்யவில்லையே, வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு குற்றமா என்று தனக்குத்தானே வக்கீலும் வைத்துக்கொண்டான். திரும்பும்போது ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்தான். இந்த முறை அவ்வளவு எரிச்சலாக இல்லை.

மதியம் இலை போட்டார்கள். கத்தரிக்காய் காரக்குழம்பு, வாழைப்பூ வடை. பெரிய வடைகள் ஹேமலதாவின் இலைக்குப் போயின. அவள் அதில் ஒன்றை எடுத்து சந்தோஷின் இலையில் வைத்தாள். சென்னையில் அவனை 'டேய்' என்று கூப்பிடுகிறவள், ஆரணி எல்லை தொட்டதும் 'நீங்க' என்பாள்.

"நீங்க நெடுஞ்செழியன் சார் மாதிரி என்னைக் கேள்வி கேளுங்களேன். எனக்கு ஒரு பயிற்சியா இருக்கும்."

"சாப்பிடும்போதா?"

"கேளுடா" என்றார் லோகநாதன். "எங்களுக்கும் பொழுது போவும்ல?"

கேட்டான். எதற்காக இந்த ஆய்வு, எத்தனை பேர் போதும், பதில் சொன்னவர்கள் பொய் சொல்லியிருந்தால் என்ன செய்வாய், முடிவு உன் எண்ணத்துக்கு எதிராக வந்தால் மறைப்பாயா என்றெல்லாம் கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். அப்படிச் சொல்வதும் அழகாகத்தான் இருந்தது. அபிதகுசாம்பாள் பரிமாறுவதை மறந்து வாய் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஒரு கேள்வியை மட்டும் அவன் கேட்கவில்லை.

அவளே எடுத்தாள். "கண்ட்ரோல் பத்திக் கேட்டா எனக்குக் கவலையே இல்ல. இந்தத் தெருவுல பிறந்து வளர்ந்தவர், என் கணவர்தான் வீடு வீடாப் போய்த் தேர்ந்தெடுத்தார்னு சொல்லிடுவேன். இதைவிட யார் சரியா எடுக்க முடியும்?"

சந்தோஷ் வடையைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தான்.

ஆமாம், அவன்தான் எடுத்தான். அவளுக்கு ஊர் புதுசு என்று, பொங்கல் லீவில் அவன்தான் ஒவ்வொரு வாசலாக ஏறினான். 'நெசவு செய்றீங்களாக்கா?' என்று கேட்டான். 'இல்லப்பா, சும்மாதான் இருக்கேன்' என்றார்கள். குறித்துக்கொண்டான். தறியில் உட்காருவதுதான் நெசவு, ராட்டையில் உட்காருவது சும்மா இருப்பது என்பது அவர்கள் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அம்மாவிடம் அவன் அதைக்கூடக் கேட்கவில்லை. என் அம்மா எனக்குத் தெரியாதா என்று, கை மரத்துப்போகிறதா என்ற கேள்விக்கும் 'இல்லை' என்று தானே போட்டுக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியல" என்றாள் ஹேமலதா. "நெசவே பண்ணாத பெண்கள்லயும் நிறைய பேருக்குக் கை மரத்துப்போகுது. அது ஏன்னு சார் கேட்டா நான் என்ன சொல்றது? உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

இதைவிட நேராக ஒருத்தியால் கேட்க முடியாது. லோகநாதன் வடையைக் கடித்தபடி மகனைப் பார்த்தார்.

"வீட்டு வேலையா இருக்கும்" என்றான் சந்தோஷ். "துணி துவைக்கிறது, மாவு பிசையறது. அப்படிச் சொல்லிடு."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள்.

அபிதகுசாம்பாள் மருமகளுக்கு ரசம் ஊற்ற வந்தாள். கரண்டி பாதி வழியில் விரல்களிலிருந்து நழுவி இலையில் விழுந்தது. ரசம் ஹேமலதாவின் மடியில் தெறித்தது.

"ஐயோ, சுட்டுச்சா கண்ணு? பாழாப்போன கை" என்று சொல்லி அம்மா கையை உதறினாள்.

ஹேமலதா மடியைத் துடைக்கவில்லை. அந்த உதறலையே பார்த்தாள். நரம்பு நசுங்கியவர்கள் கை உதறுவது எப்படி இருக்கும் என்று சொல்ல அவளுக்குப் புத்தகம் தேவையில்லை. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து மாமியாரை நாற்காலியில் உட்கார வைத்தாள். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, மணிக்கட்டை மடக்கி வைத்திருக்கச் சொன்னாள். அபிதகுசாம்பாள் சற்று நேரத்துக்குமேல் தாங்கவில்லை.

"எரியுதும்மா."

"எவ்வளவு நாளா இருக்கு அத்தை?"

"ரொம்ப நாளா கீது. அதான் காலையில சந்தோஷ் கேட்டப்பவே சொன்னனே. தார் சுத்தும்போது ஜாஸ்தியா ஆவுதுன்னு பாத்துகினுதானே இருந்தான்."

ஹேமலதா திரும்பினாள். நடையில் ராட்டை, அதன் பக்கத்தில் தட்டு நிறைய தார்க்குச்சிகள். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது தினமும் சுத்துவீங்களா அத்தை?"

"நான் மட்டுமா? நெய்ற வூட்டுல எல்லாப் பொம்பளைங்களும் சுத்துவாங்க. அதெல்லாம் ஒரு வேலையா?"

ஹேமலதா இப்போது சந்தோஷைப் பார்த்தாள். அவன் இலையைப் பார்த்தான்.

"காலையிலயே உனக்குத் தெரியுமா?" என்றாள்.

மாமனார் மாமியார் எதிரில் அவள் வாயில் அதுவரை வராத 'உனக்கு'. லோகநாதன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். சந்தோஷ் இலையை மூடினான். அவள் மறுபடியும் கேட்கவில்லை.

அபிதகுசாம்பாளுக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "என் கையால உன் படிப்பு கெட்டுப்போச்சா கண்ணு?"

"இல்ல அத்தை. கையைக் குடுங்க." ஹேமலதா தன் கைப்பையிலிருந்து கிரேப் பேண்டேஜை எடுத்து மாமியாரின் மணிக்கட்டை நேராக வைத்துச் சுற்றத் தொடங்கினாள். சுற்றிக்கொண்டே பேராசிரியரைக் கூப்பிட்டாள். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் ஃபோன் ஸ்பீக்கரில், மேசைமேல் கிடந்தது.

"சார், ஹேமலதா. ஞாயித்துக்கிழமை தொந்தரவு பண்றேன். என் கண்ட்ரோல் குரூப் தப்பு சார். நெசவு பண்ணாதவங்கன்னு எடுத்தவங்க எல்லாரும் நாள் பூரா தார் சுத்தறவங்க. அதுவும் மணிக்கட்டு வேலைதான். நாளைக்கு இந்த முடிவோட நான் வர முடியாது."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"யாரும்மா கண்டுபிடிச்சது?"

சந்தோஷ் நிமிர்ந்தான். அவள் சொல்லப்போகிறாள். என் கணவர்தான் தப்பாக எடுத்தார், தெரிந்த பிறகும் மறைத்தார் என்று அப்பா அம்மா காதுபடச் சொல்லப்போகிறாள். சொல்லட்டும், அதற்குப் பிறகு தானும் கத்தலாம் என்று அவன் தயாராகிவிட்டான்.

ஹேமலதா பேண்டேஜின் நுனியைச் செருகினாள்.

"சந்தோஷ், சார். காலையிலேயே கண்டுபிடிச்சுட்டார்."

"அப்படியா? பக்கத்துல இருக்கானா?" நெடுஞ்செழியனின் குரலில் புதிதாக ஓர் ஆர்வம் தெரிந்தது. "சந்தோஷ், உனக்கு ஊசியும் நூலும்தான் வரும்னு நினைச்சிருந்தேன்ப்பா. அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கிற ஆளுங்க எனக்கு நிறைய கிடைப்பாங்க. கண்டுபிடிச்ச உடனே வந்து சொல்றவன்தான் கிடைக்கிறதில்ல. நாளைக்கு நீயும் வா. உங்கிட்டதான் முதல்ல பேசணும்."

இந்த வார்த்தைகளுக்காக அவன் எவ்வளவோ நாள் ஏங்கியிருக்கிறான். 'இல்லை சார், நான் சொல்லவில்லை' என்று ஒரு வரி சொன்னால் போதும். நாக்கு வரை வந்தது.

"சரிங்க சார்" என்றான்.

"சபாஷ்டா" என்றார் லோகநாதன், ஃபோன் வைக்கப்பட்டதும். "அப்ப ரெண்டு பேருக்கும் ஆராய்ச்சி. ஃப்ளெக்ஸ் கடை அருள்மணிக்கு ஜல்தியா ஃபோன் போடறேன்."

அபிதகுசாம்பாளின் முகம் மலர்ந்துவிட்டது. கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள். "நோவு வந்தாலும் வந்துச்சு, என் கையால புள்ளைக்கு ஒரு நல்லது நடந்துச்சே."

ஹேமலதா மாடிக்குப் போனாள். இறங்கி வந்தபோது அவள் தோளில் அவளுடைய பை மட்டும் இருந்தது. நேர்காணலுக்கு முன் கொஞ்சம் படிக்க வேண்டும் என்று பெரியவர்களிடம் சொல்லி, காலில் விழுந்து எழுந்தாள். தார் சுற்றக் கூடாது, கட்டைப் பிரிக்கக் கூடாது, அடுத்த வாரமே சென்னைக்கு வந்து நரம்பைப் பரிசோதித்தாக வேண்டும் என்று மாமியாரிடம் கண்டிப்பாகச் சொன்னாள். சந்தோஷ் தெருமுனை வரை கூடவே நடந்தான். அவன் பேசுவான் என்று அவள் காத்திருந்த மாதிரியும் இருந்தது, காத்திராத மாதிரியும் இருந்தது.

ஷேர் ஆட்டோ வந்தது.

"திட்டிடு ஹேமா" என்றான்.

"கண்ட்ரோல்ஸ் யார் எடுத்ததுன்னு நாளைக்கு அவர் கேப்பார்" என்றாள் அவள். "நீ எங்கிட்ட எப்போ சொன்னேன்னும் கேப்பார். நான் எதுவும் சொல்லமாட்டேன், சந்தோஷ். நீயே சொல்லிக்கோ."

ஆட்டோ பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிப் போனது. அவள் அழுதிருந்தால், கத்தியிருந்தால், அவனைக் காட்டிக்கொடுத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எதுவும் செய்யவில்லை. அதைப் பார்த்தும் அவனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பைக் ஒன்று வந்து ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்றது. ஃப்ளெக்ஸ் கடை அருள்மணி இறங்கி, இஞ்ச் டேப்பை மின்கம்பத்தில் வைத்து அளக்க ஆரம்பித்தார்.

"உங்க நைனா ஃபோன் பண்ணாரு சார். புதுசு அடிக்கணுமாம், இதுல உங்க போட்டோவ பெருசா வைக்கணுமாம்." அவர் சந்தோஷின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். "எவ்ளோ பெருசு வேணும்னு நீங்களே சொல்லிடுங்க."